அட்டையில் வந்த முகம்

கிருஷ்ணகிரியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் காவேரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். 1957-ஆம் வருடம் ஆடி மாதம் அது. முதல் வருடம் முழுவதும் பேனாப் பெட்டியும் கோப்பு உறையும் செய்து சலித்துப்போயிருந்த பெண்களிடம், கைத்தொழில் ஆசிரியை சரோஜம்மாள், இந்த வருடம் அவரவர் முகத்தை அவரவரே அட்டையில் செய்ய வேண்டும் என்று சொன்னாள். தட்டையாக வரைவது இல்லை. மூக்கு எழும்பி, கண் குழிந்து, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கும்படியான முகம். ஆளுக்கொரு புகைப்படம் எடுத்துக்கொண்டு அதை வைத்துச் செய்யலாம். தை மாதப் பொருட்காட்சியில் எல்லாவற்றையும் வரிசையாக வைப்பார்கள்.

பெண்கள் சிரித்தார்கள். காவேரி சிரிக்கவில்லை.

கடைத்தெருவில் சென்னகிருஷ்ணன் என்பவர் புகைப்பட நிலையம் வைத்திருந்தார். காவேரி அங்கே போய்த் தாவணியைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள். அவர் முகத்தை நிஜ அளவுக்குப் பெரிதாக்கி, தடித்த தாளில் அச்சுப் போட்டுக் கொடுத்தார். அதைத் தூக்கிப் பார்த்ததும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்று காவேரி சொன்னாள். அவருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

ஜவுளிக்கடையில் கேட்டு வாங்கிய புடவைப் பெட்டிகளை அவள் பிரித்து அடுக்கினாள். படத்தைப் பார்த்துத் தலையின் உருவத்தை அட்டையில் வரைந்து வெட்டினாள். அதைவிடச் சிறிதாக இன்னொன்று, அதைவிடச் சிறிதாக மற்றொன்று. மைதாப் பசை தடவி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியபோது, மலைச்சரிவில் வெட்டிய கழனிபோல முகம் படிப்படியாக எழும்பியது. மூக்கு எவ்வளவு உயரம், கன்னத்து எலும்பு எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் படத்தில் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு தன் முகத்தை விரலால் தடவி, நூலால் அளந்து, அந்த அளவுக்கு அட்டையைச் செதுக்கினாள். படிகளைக் காகிதக் கூழால் நிரவினாள். கடைசியில் புகைப்படத்தை ஓரம் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து, அது துணிபோலக் குழைந்ததும் அட்டை முகத்தின்மேல் போர்த்தி இழுத்து ஒட்டினாள்.

காய இரண்டு நாளாயிற்று. காய்ந்ததும் தாள் இறுகி, மூக்கின் மேலும் உதட்டின் மேலும் தோலைப் போலப் பிடித்துக்கொண்டது. விடுதி அறையின் சன்னல் மேடையில் அதை வைத்தாள். பக்கத்துப் பாயில் படுக்கிற ஜோதியம்மாள் குளித்துவிட்டு உள்ளே வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“நீதான் இது. ஆனா என்னமோ, நீ இல்லியே,” என்றாள். எது மாறியிருக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து துணி மாற்றும்போது மட்டும் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள்.

காவேரிக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. சுவரில் மாட்டியிருந்த கைக்கண்ணாடியில் ஒரு முறையும், அட்டை முகத்தில் ஒரு முறையும் பார்த்தாள். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த முகம் அறைக்கு வந்தபின், ஆறு வருடமாக இல்லாத ஒரு துணை திரும்பி வந்ததுபோல இருந்தது. பாடம் படிக்கும்போது முதுகுப்பக்கம் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற உணர்வு. திரும்பிப் பார்த்தால் அந்த முகம்.

காவேரி இரட்டையில் ஒருத்தி. கூடப் பிறந்தவள் கங்கம்மா. சானமாவுக் காட்டை ஒட்டிய கிராமத்தில், நாராயணப்பனுக்கும் வெங்கடம்மாளுக்கும் பிறந்த இரண்டே பிள்ளைகள். இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல ஊருக்கு ஓர் அடையாளம்தான் இருந்தது. காவேரிக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம். கங்கம்மாவுக்கு அதே மச்சம் வலது கன்னத்தில். எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தி வலது கையைத் தூக்க, மற்றவள் இடது கையைத் தூக்க, கண்ணாடி விளையாட்டு என்று ஒன்றை அவர்களே உண்டாக்கிப் பொழுதெல்லாம் விளையாடினார்கள்.

அவர்களுக்குப் பதின்மூன்று வயதானபோது, ராகி முற்றிய காலம். யானைகள் காட்டிலிருந்து இறங்கும் என்பதால் நாராயணப்பன் காவலுக்குப் பரணில் படுத்திருப்பார். விடிந்ததும் பிள்ளைகளில் ஒருத்தி அவருக்குக் களி கொண்டுபோவாள். ஒரு நாள் ஒருத்தி, மறுநாள் மற்றவள். அன்றைக்கு முறை காவேரியுடையது. நல்ல பனி. கம்பளியை விட்டு எழ மனமில்லாமல் தலை வலிக்கிறது என்று பொய் சொன்னாள். வெங்கடம்மாள் கங்கம்மாவை அனுப்பினாள். மந்தையிலிருந்து பிரிந்த ஒற்றை யானை ஒன்று காட்டுக்குத் திரும்பாமல் ராகிக்குள்ளேயே நின்றிருந்தது. பனியில் அது நின்றது பரணிலிருந்த நாராயணப்பனுக்கும் தெரியவில்லை, வரப்பில் வந்த கங்கம்மாவுக்கும் தெரியவில்லை.

கங்கம்மாவை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. முகம் இருந்த நிலையைப் பார்த்த நாராயணப்பன் தன் வேட்டியை அவிழ்த்து மூடிவிட்டு, அந்தக் கழனியின் மேற்கு மூலையிலேயே குழி வெட்டிவிட்டார். வெங்கடம்மாள் ஓடி வந்தபோது, ஊர்ப் பெண்கள் அவளைப் பாதி வழியிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டார்கள்.

அதன்பின் வெங்கடம்மாள் காவேரியின் முகத்தைப் பார்த்ததே இல்லை. சோறு போடுவாள், தலை வாரிவிடுவாள், காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே இருப்பாள். ஆனால் பேசும்போது அவள் கண் காவேரியின் தோளிலோ கையிலோதான் இருக்கும். வெங்கடம்மாளின் பிறந்தகம் தெலுங்கு பேசுகிற வீடு. கொஞ்சலெல்லாம் அவளுக்குத் தெலுங்கில்தான் வரும். அந்தத் தெலுங்கும் நின்றுபோயிற்று. தான் சொன்ன பொய் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று காவேரி நினைத்தாள். பயிற்சிப் பள்ளிக்கு மனுப்போட்டதும் அந்த வீட்டை விட்டுத் தள்ளியிருக்கத்தான்.

தீபாவளி லீவுக்குக் காவேரி அட்டை முகத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் வந்தாள். ஊரில் காட்டுவதற்கு என்று ஜோதியம்மாளிடம் சொல்லியிருந்தாள். உள்ளுக்குள் இருந்த எண்ணம் வேறு. என் முகத்தைத்தான் பார்க்கவில்லை, இதையாவது அம்மா பார்ப்பாளா?

மத்தியான வெயில் வாசலில் விழுந்துகொண்டிருந்தது. வெங்கடம்மாள் முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். காவேரி துணியை அவிழ்த்து, எதிரில் இருந்த உரலின்மேல் முகத்தை வைத்தாள்.

வெங்கடம்மாள் நிமிர்ந்தாள். முறம் மடியிலிருந்து சரிந்து அவரைக்கொட்டை உருண்டது. அவள் எழுந்து, உரல் அருகே போய் மண்டியிட்டு, அந்த முகத்தின் வலது கன்னத்தில் விரலை வைத்தாள்.

“வச்சினாவா தல்லி,” என்றாள். வந்தாயா அம்மா என்று அர்த்தம்.

காவேரிக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் சூடேறியது. தன்னைத்தான் அம்மா கேட்கிறாள் என்று நினைத்து, வந்துட்டேம்மா என்று வாயெடுத்தாள். அதற்குள் வெங்கடம்மாள் அந்த முகத்தை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்.

“எம்மாம் பெருசா வளந்துட்ட, கங்கா.”

காவேரி, அது தன் முகம், தான் செய்தது, தன் படத்தை வைத்துச் செய்தது என்று நான்கைந்து தடவை சொன்னாள். வெங்கடம்மாளின் காதில் எதுவும் ஏறவில்லை. கழனியிலிருந்து வந்த நாராயணப்பனும் சொல்லிப் பார்த்தார். அவருக்கு அந்த முகத்தில் காவேரிதான் தெரிந்தாள். ஆனால் அவரும் அதை நேராகப் பார்க்காமல்தான் பேசினார்.

லீவு முடிந்து காவேரி கிளம்பும்போது முகத்தைக் கேட்டாள். வெங்கடம்மாள் அதை நெல் குதிருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். காவேரி வெறுங்கையோடு கிருஷ்ணகிரிக்கு வந்தாள்.

அம்மாவின் விரல் நேராக வலது கன்னத்துக்குப் போனதுதான் அவள் மனதில் திரும்பத் திரும்ப வந்தது. விடுதிக்கு வந்த அன்றே, கைத்தொழில் நோட்டில் செருகி வைத்திருந்த கத்தரித்த ஓரங்களை எடுத்துப் பார்த்தாள். முகத்தைச் சுற்றி வெட்டியெடுத்த தாள் துண்டுகள் அவை. ஒன்றில் கழுத்துக்குக் கீழே தோள் இருந்தது. அதில் தாவணி வலது தோளின்மேல் போயிருந்தது. காவேரி எல்லோரையும்போலத் தாவணியை இடது தோளில் போடுகிறவள்.

அவள் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு சென்னகிருஷ்ணனிடம் போனாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுப் பெரிதாக்கியிருக்கிறேன், அதில் இடமும் வலமும் மாறிவிட்டது, என் தப்புதான் என்றார். அவருக்கு வெட்கமாகப் போயிற்று. வேறு அச்சுப் போட்டுத் தருவதாகச் சொல்லி அவளை உட்கார வைத்தார்.

உட்கார்ந்திருந்த நேரத்தில் காவேரிக்கு எல்லாம் விளங்கியது. ஊரார் தினமும் பார்க்கிற அவள் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் அவள் பார்த்தது, மச்சம் வலது கன்னத்துக்கு மாறிய முகம். அது கங்கம்மாவின் முகம். ஆறு வருடமாகக் காலையில் தலை வாரும்போதெல்லாம் கங்கம்மாதான் எதிரே நின்று, அவளோடு சேர்ந்து வளர்ந்து, அவளோடு சேர்ந்து தாவணி போட்டிருக்கிறாள். கடை முகப்பில் கூட ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருந்தது. காவேரி எழுந்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சரியான படம் வந்தது. அதைப் பார்த்தபோது, யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது. அதை வைத்து இரண்டாவது முகத்தை ஒரே மாதத்தில் செய்து முடித்தாள். இந்தத் தடவை ஜோதியம்மாள், இப்போதுதான் அச்சாக நீ என்று சொல்லி, பயமில்லாமல் அதன் தலையில் தன் ரிப்பனைக் கட்டிப் பார்த்தாள்.

கார்த்திகைத் தீபத்துக்குக் காவேரி மறுபடி ஊருக்குப் போனாள். வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தைத் தேடினாள். அது சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று வாரம் பெய்த மழையில் அட்டை ஈரம் குடித்து உப்பியிருந்தது. ஒரு கன்னத்தில் தாள் விட்டுப்போய்த் தொங்கியது. நெற்றியில் வைத்திருந்த குங்குமம் கரைந்து மூக்கோரமாக வழிந்து காய்ந்திருந்தது. அதைப் பார்த்த காவேரிக்குத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. தொட்டும் பார்த்தாள்.

வெங்கடம்மாள் பித்துப் பிடித்தவள்போல இல்லை. முன்னைவிடத் தெளிவாக இருந்தாள். காவேரி கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், அவள் தோளைப் பார்த்தபடியே பேசினாள்.

“இது அட்டைன்னு எனக்குத் தெரியும். நீ செஞ்சதுன்னும் தெரியும். அன்னைக்கி உங்கப்பன் எனக்கு அவ மொகத்தக் காட்டல. மொகம் பாக்காம அனுப்பிச்ச பொண்ணு எப்படிப் போவா? அதான் இங்கியே சுத்திக்கினு இருந்தா. இப்ப பாத்துட்டேன். இத அவகிட்டியே வெச்சி மண்ணு போட்ரணும்.”

பிறகு, காவேரி ஆறு வருடமாகக் கேட்கப் பயந்த விஷயத்தை அம்மாவே எடுத்தாள்.

“உனக்குத் தலவலி இல்லன்னு எனக்குத் தெரியும் அன்னைக்கி. எழுப்பி அனுப்பிருக்கலாம். பனியா இருக்குது, நீ சவலப் புள்ள, அவ கெட்டின்னு நெனச்சேன். ரெண்டுல ஒண்ண நான்தான் பொறுக்கி அனுப்பிச்சேன். அப்பறம் உன் மொகத்தப் பாக்கறப்ப எல்லாம், அந்தண்ட அவ நின்னுக்கினு, என்ன ஏன் அனுப்பிச்சன்னு கேக்கறாப்பல இருக்கும்.”

காவேரி அம்மாவின் காலருகே போய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. இவ்வளவு காலமும் தன்மேல் இருக்கிறது என்று நினைத்துச் சுமந்த பழி அம்மாவின் தலையில் அல்லவா இருந்திருக்கிறது என்பதை மனம் ஏற்றுக்கொள்ளவே நேரம் பிடித்தது. நான் பொய் சொன்னேனே அம்மா என்று மட்டும் சொன்னாள். வெங்கடம்மாள் அவள் தலையில் கை வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

நாராயணப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் யார் பார்த்தாலும் அது காவேரியின் முகம் என்றுதான் சொல்வார்கள் என்றார்.

“உசுரோட இருக்கற பொண்ணு மொகத்தக் கொண்டுபோயி மண்ணுல வெக்கறதா? ஒண்ணத்தான் குடுத்துட்டோமே. போதாதா?”

வெங்கடம்மாள் அவரோடு வாதாடவில்லை. முகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையும் சாப்பிடவில்லை, மத்தியானமும் சாப்பிடவில்லை.

பொழுது சாய்வதற்குள் காவேரி அப்பாவைத் தொழுவத்தில் போய்ப் பார்த்தாள். நோட்டிலிருந்த தாள் துண்டை அவரிடம் காட்டி, தாவணி எந்தத் தோளில் கிடக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். படம் திரும்பிப்போன கதையைச் சொன்னாள். தன் இடது கன்னத்தை அவருக்குக் காட்டி, இது நான் என்றாள். அம்மா மடியில் இருக்கிறதில் மச்சம் எந்தப் பக்கம் என்று போய்ப் பாருங்கள், அது நான் இல்லை என்றாள். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மூக்கின் உயரத்தை அவள் தன் முகத்தில்தான் அளந்திருந்தாள். நூலைத் தன் நெற்றியில் வைத்துத்தான் அந்த நெற்றிக்கு அளவெடுத்திருந்தாள்.

நாராயணப்பன் வாசலுக்குப் போனார். துணியை விலக்கி, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தான் அன்று மூடிய முகத்தையும் அவர் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். துணியால் திரும்ப மூடினார். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கழனியில் ராகி அறுவடைக்கு நின்றது. மேற்கு மூலையில் கல் நட்ட இடத்தில் நாராயணப்பன் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார். வெங்கடம்மாள் அட்டை முகத்துக்கு மஞ்சள் பூசி, தலையில் இரண்டு சாமந்தி வைத்தாள். தெலுங்கில் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு குழிக்குள் குனிய முடியாமல், முகத்தைக் காவேரியிடம் நீட்டினாள்.

காவேரிதான் அதை உள்ளே வைத்தாள். மல்லாக்க வைப்பதா, கவிழ்த்து வைப்பதா என்று ஒரு கணம் தயங்கினாள். வானத்தைப் பார்க்கும்படி வைத்தாள். அப்பா முதல் மண்வெட்டி மண்ணைத் தள்ளியபோது, அது வாயின்மேலும் மூக்கின்மேலும் விழுந்தது. காவேரிக்கு மூச்சு நின்றது. நெஞ்சு ஏறி இறங்க மறுத்து, அவள் வரப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது மண்ணில் கண் மறைந்தது. அதன்பின்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

மேடு தட்டி முடிந்ததும் வெங்கடம்மாள் திரும்பினாள். காவேரியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, நேராகப் பார்த்தாள்.

“எளச்சிட்டியே,” என்றாள். “ஆஸ்டல்ல சோறு போடறதில்லியா?”

மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்று மூன்று பேருமே சாப்பிட்டார்கள்.

தை மாதப் பொருட்காட்சியில் காவேரியின் இரண்டாவது முகத்தை வைத்தார்கள். சரோஜம்மாள் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டாள். முதலில் செய்தது என்னவாயிற்று என்று கேட்டாள். மழையில் நனைந்து வீணாகிவிட்டது என்று காவேரி பதில் சொன்னாள். பயிற்சி முடிந்து சூளகிரிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. சனிக்கிழமைதோறும் ஊருக்கு வந்தாள்.

வெங்கடம்மாள் தேறிவிட்டாள். மகளின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். கோபம் வந்தால் தமிழிலும், கொஞ்சல் வந்தால் தெலுங்கிலும் பேசினாள். அடுத்த வருடம் களைவெட்டுக்கு ஆள் விடாமல் அவளே கழனிக்குப் போனாள். மேற்கு மூலையில் நின்று, வாய்விட்டுப் பேசிக்கொண்டே களை பிடுங்குவாள் என்று நாராயணப்பன் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது.

காவேரியால்தான் அங்கே போக முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது, சில நாள் திடீரென்று உதட்டில் மண் ருசி தட்டும். நன்றாக மழை பெய்கிற நாட்களில் வலது கன்னம் சில்லிட்டுப்போகும். தண்ணீர்ப் பானையில் மொள்ளக் குனிந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். டாக்டரிடம் போகவில்லை. என்னவென்று சொல்வது?

ஒரு சனிக்கிழமை அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று, அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் போகவேண்டியதாயிற்று. நல்ல வெயில். முழங்கால் உயரத்துக்குப் பச்சை ராகி காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. தூரத்து மூலையில், கல்லுக்குப் பக்கத்தில் வெங்கடம்மாள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் நிமிர்ந்து, கிட்டே வரச்சொல்லிக் கையை ஆட்டினாள். காவேரி கிழக்கு வரப்பு வரைக்கும் நடந்தாள். அதற்கு மேல் கால் வைக்க அவளால் ஆகவில்லை. தூக்குச் சட்டியை வரப்பின்மேல் வைத்துவிட்டு, அம்மா வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று காத்து நின்றாள்.